பொடி வைத்த ஊர்

கோயமுத்தூர் வழியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் கோயமுத்தூரைப் பார்ப்பதில்லை. உதகமண்டலம் போகிறவர்கள் மேட்டுப்பாளையம் வரையில் ரயிலில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். மலையாள தேசம் போகிறவர்கள் பாலக்காட்டுக் கணவாயின் காற்று முகத்தில் அடித்தவுடன் கண் விழித்து, "அடடா, கோயமுத்தூர் போய்விட்டதே!" என்று சொல்லி மறுபடியும் கண்ணை மூடுகிறார்கள். ஊருக்குள்ளேயே வந்து இறங்குகிறவர்களும் சிறுவாணித் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துப் பார்த்து, "ஆகா, தேன்தான்!" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுத் தங்கள் ஜோலியைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

நானும் இதுகாறும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் இந்தத் தடவை நான் போனது ஒரு மோட்டாருக்காகவும் ஒரு சங்கிலிக்காகவும். அந்த இரண்டும் என்னை ஊரின் இரண்டு மூலைகளுக்கு இழுத்துச் சென்றன. இரண்டு மூலையிலும் ஒரே வித்தையைத்தான் கண்டேன். அதைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் தமக்கை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய கணவரை எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் 'மாமா' என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு ஏக்கர் வாழை, ஒரு ஆழ்குழாய்க் கிணறு, அதற்குள் ஒரு நீர்மூழ்கி மோட்டார். இவ்வளவுதான் அவர்களுடைய சாம்ராஜ்யம். சித்திரை வெயிலில், வாழை குலை தள்ளும் சமயத்தில், மோட்டார் படுத்துவிட்டது. ஊரிலிருந்த ரிப்பேர்க்காரர் ஒருவர் மேலே தூக்கிக் கம்பி சுற்றி மறுபடியும் இறக்கினார். பத்து நாள் ஓடிற்று, பழையபடி படுத்துவிட்டது. இனிப் புது மோட்டார்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

புது மோட்டாருக்குப் பணம்? தமக்கை பெட்டியைத் திறந்து, எங்கள் தாயாரின் இரட்டை வடச் சங்கிலியை எடுத்து மாமாவின் கையில் வைத்தாளாம். அதில் ஒரு கண்ணி விட்டுப் போய்ப் பல வருஷமாக அணியாமலே கிடந்தது. "அறுந்த சங்கிலிதானே, விற்றுவிடுங்கள். தம்பியையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னாளாம். அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். எனக்கு அந்தச் சேதி டெலிபோனில் கேட்டபோது தொண்டை அடைத்தது. அன்று இரவே சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

கணபதியில் காலை

விடியும் முன்பே கோயமுத்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். மோட்டாரை ஒரு சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு மாமாவும் வந்து சேர்ந்தார். நேரே கணபதி என்னும் பகுதிக்குப் போனோம். விநாயகர் பெயர் கொண்ட அந்தப் பகுதியில் தெருவுக்குத் தெரு பட்டறை. ஒரு வாசலில் வார்ப்பட மண், அடுத்த வாசலில் கடைசல் யந்திரம், அதற்கு அடுத்ததில் செம்புக் கம்பிச் சுருள்.

இந்த ஊர் இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. கருப்பு மண்ணில் பருத்தி விளைந்தது. 1888-ல் முதல் நூற்பு ஆலை வந்தது. பின்பு 1930-களின் ஆரம்பத்தில் நீலகிரி மலையிலுள்ள பைக்காராவின் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் இறங்கி வந்தது. ஆலைகள் பெருகின. மானாவாரிக் காட்டில் ஆழக் கிணறு வெட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த குடியானவருக்கு மின்சார இறைவைமீது ஆசை பிறந்தது. வெளிநாட்டு மோட்டாரையே எத்தனை நாள் வாங்குவது? 1937-ல் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவும் ஸ்ரீ டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்த ஊரிலேயே மின்சார மோட்டார் செய்தார்கள். அன்று வைத்த விதை, இன்று தேசத்தின் பல மூலைகளிலும் கிணற்றுக்குள் சுழல்கிறது.

பட்டறையின் முதலாளி நாற்பது வயதுக்காரர். முழுக்கைச் சட்டையில் எண்ணெய்க் கறை. பேச்சில் கொங்கு நாட்டுப் பணிவு.

"மோட்டார் எப்படிங்க சத்தம் போட்டுது? ஒரே சீரா இரைஞ்சுதுங்களா, இல்லே ஏறி எறங்கி உறுமிச்சுங்களா?" என்று மாமாவைக் கேட்டார்.

"ஏறி எறங்கித்தானுங்க. மீட்டர் முள்ளும் ஊஞ்சலாடிச்சு. தண்ணியும் பாதிதான் வந்துதுங்க" என்றார் மாமா.

முதலாளி தலையை ஆட்டினார். "சரிங்க. பிரிச்சுப் பார்க்கிறேன். சாயங்காலம் மூணு மணிக்கு வாங்க. அதுவரைக்கும் புதுசு கிதுசு வாங்கிப் போடாதீங்க."

கடைசியாகச் சொன்ன வாக்கியம் எனக்கு அபூர்வமாகப் பட்டது. புதுச் சாமான் வாங்காதே என்று சொல்லும் வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

ராஜ வீதியின் பின்புறம்

மூன்று மணி வரையில் சங்கிலி வேலையைப் பார்க்கலாமென்று நகரத்தின் பழைய பகுதிக்குப் போனோம். பெரிய கடை வீதியில் கோனியம்மன் சந்நிதியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கண்ணாடி பதித்த ஒரு பெரிய நகைக் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் சங்கிலியைத் தராசில் வைத்தார், யந்திரத்தில் காட்டினார், காகிதத்தில் ஏதோ எழுதினார். "பழைய பற்று ஜாஸ்தி. கழிவு போகத்தான் கணக்கு" என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு மாமா வாய் திறக்கவில்லை. சங்கிலியை எடுத்து மடித்து மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"சுத்தத் தங்கமென்று உன் தாயார் சொல்வார்களே?" என்று வீதியில் நின்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

ராஜ வீதியின் பின்புறத்தில் குறுகலான ஒரு சந்து. அங்கே ஒரு திண்ணையில் முதிய பத்தர் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எதிரே ஒரு சிறு மரப் பலகை. அதன்மேல் சாமணம், அரம், கத்திரி, ஊதுகுழல், ஒரு கிண்ணத்தில் வெங்காரக் கரைசல். முழங்காலின்மேல் ஒரு துணி விரித்திருந்தது; அரம் உராயும்போது விழும் தூளைக்கூட விட்டுவிட முடியாதல்லவா?

"வாங்க தம்பி, உட்காருங்க" என்றார். சங்கிலியை வாங்கி உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டிப் பார்த்தார். "கை வேலை. அறுபது வருஷம் இருக்கும். விக்கறீங்களா, பத்த வைக்கணுங்களா?"

"அதுதான் தெரியவில்லை, ஐயா. விற்றால் கழிவு போகுமென்கிறார்களே, அது ஏன்?" என்றேன்.

பெரியவர் ஒரு சிறு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே கடுகைவிடச் சிறியவையாக, மஞ்சள் நிறத்தில் சதுரச் சதுரமான துணுக்குகள் மின்னின.

"இதுதானுங்க பொடி" என்றார்.

பொடி என்றால் மூக்குப் பொடியையும் இட்டிலிப் பொடியையும் மாத்திரமே அறிந்திருந்த எனக்கு, அன்றுதான் மூன்றாவது பொடியின் தரிசனம் கிடைத்தது. பெயர்தான் பொடி, உண்மையில் தூள் அல்ல. தங்கத்துடன் வெள்ளியும் செம்பும் அளவாகச் சேர்த்து உருக்குகிறார்கள். அந்தக் கலவையைக் காகிதம்போல மெல்லிய தகடாக்குகிறார்கள். தகட்டின் ஓரத்தைக் கத்திரியால் சீப்புப்போல நறுக்கி, பிறகு குறுக்கே வெட்டினால் ஒரே அளவான துணுக்குகள் உதிர்கின்றன. தனித் தங்கம் உருக 1064 டிகிரி சென்டிகிரேட் சூடு வேண்டும். கலப்பு சேர்ந்த பொடி அதற்கு வெகு முன்னாலேயே உருகிவிடும். நகை உருகாமல் பொடி மாத்திரம் உருக வேண்டும்; வித்தையெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

"ஒரு கண்ணிக்கு ஒரு பத்து. ஒரு பத்துக்கு ஒரு பொடி. வளையல்னா ஒரு எடம், ரெண்டு எடம். சங்கிலின்னா கண்ணி எத்தனையோ அத்தனை பொடி. மொத்தமா உருக்கினா அந்தப் பொடியில இருக்கிற வெள்ளி செம்பெல்லாம் தங்கத்தோட கலந்துக்கும். மாத்துக் கொறையும். உங்கம்மா பொய் சொல்லலீங்க, தங்கம் சுத்தம்தான். ஆனா சங்கிலி வெறும் தங்கம் இல்லீங்களே, அது தங்கமும் பத்தும் சேர்ந்ததுங்க."

எத்தனையோ குடும்பங்களில் பாட்டி நகையை விற்கப் போய் மனஸ்தாபத்துடன் திரும்புகிறார்கள். கடைக்காரனையோ பழைய தட்டானையோ வைகிறார்கள். அந்தக் கழிவில் ஒரு பகுதி இந்தக் கடுகளவுத் துணுக்குகளின் கணக்கு என்பதை அறிந்தால் பாதி மனஸ்தாபமாவது குறையும்.

பெரியவரின் கதை

பற்றவைப்பதற்கு முன்னால் பெரியவர் கதை சொன்னார். அவருக்குப் பதினொரு வயதாயிருக்கையில், 1963 ஜனவரியில், தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. சீன யுத்தம் முடிந்திருந்த சமயம். 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் நகை செய்யக்கூடாதென்று சர்க்கார் உத்தரவு போட்டது. 22 காரட்டில் பழகிய கைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தேசத்தில் பல இடங்களில் பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டினியில் விழுந்தன. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பெரியவரின் தகப்பனார் ஊதுகுழலைப் பரணில் போட்டுவிட்டு நூல் மில்லுக்குக் கூலியாகப் போனாராம். 1966-ல் 14 காரட் விதி தளர்ந்தது. 1968-ல் வேறு சட்டம் வந்தது. 1990-ல்தான் அதுவும் ரத்தாயிற்று.

"அப்பா மில்லுல இருந்து வந்து ராத்திரி என்னை உட்கார வச்சுப் பித்தளைத் துண்டுல பத்த வைக்கச் சொல்லிக் கொடுப்பாருங்க. தங்கத்துக்குத்தான் தடை, கைக்கு என்ன தடைம்பாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

பிற்பாடு கே.டி.எம். என்ற புதுப் பொடி வந்தது. தங்கத்துடன் காட்மியம் என்னும் உலோகத்தைச் சிறிதளவு சேர்த்தால் போதும். பொடியிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு தங்கம் இருக்கும். நகையின் மாற்றுக் குறையாது. கடைக்காரர்களும் மகிழ்ந்தார்கள், வாங்குகிறவர்களும் மகிழ்ந்தார்கள். ஆனால் காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஊதுகிறவனுடைய மூச்சோடு அந்தப் புகை உள்ளே போகும், நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அரிக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும்.

"என் தம்பிக்கு நல்ல கைங்க. பதினஞ்சு வருஷம் அந்தப் பொடியிலேயே ஊதினான். கடைசியில மாடிப்படி ஏற முடியலே" என்று மாத்திரம் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இப்போது காட்மியத்துக்குப் பதில் துத்தநாகம் முதலியவை சேர்த்த பொடிகள் வந்திருக்கின்றன. 2021-ல் பல ஜில்லாக்களில் நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயமாயிற்று. ஆனாலும் 'கே.டி.எம். நகைதானே?' என்று பெருமையாகக் கேட்டு வாங்கும் வழக்கம் ஜனங்களை விட்டுப் போகவில்லை. அந்த மூன்று எழுத்துக்களின் பின்னால் யாருடைய மூச்சு இருந்தது என்பதை இனியாவது நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெரியவர் வேலையைத் தொடங்கினார். விட்டுப்போன கண்ணியின் இரண்டு முனைகளையும் அரத்தால் லேசாகத் தேய்த்துச் சுத்தம் செய்தார். பிறகு சாமணத்தால் அழுத்தி முனைகளை ஒன்றோடொன்று முட்ட வைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இடையே ஒளி தெரிகிறதா என்று பார்த்தார். பக்கத்துக் கண்ணிகளின் பழைய பற்றுக்கள் சூட்டில் விட்டுவிடாமல் இருக்கச் செம்மண் குழம்பைத் தடவினார். வெங்காரத்தை ஒரு தூரிகை முனையால் தொட்டு வைத்தார். தூரிகையின் ஈர முனையிலேயே ஒரே ஒரு பொடியை ஒற்றி எடுத்துச் சந்தின்மேல் வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணுதானா?" என்று மாமா கேட்டார்.

"ரெண்டு வச்சா பிதுங்கும்; அரத்துல ராவ வேண்டி வரும். அரை வச்சா விட்டுப் போகும். வெட்டும்போதே கணக்குப் பார்த்துத்தானுங்க வெட்டறது. வச்சதுக்கப்புறம் யோசிக்க நேரமில்லீங்க."

பிறகு ஊதினார். சுவாலை முதலில் கண்ணியைச் சுற்றி வந்தது; பொடியை நேரே தொடவில்லை. வெங்காரம் நுரைத்து எழுந்து, கண்ணாடிபோல் அடங்கிற்று. கண்ணி சிவந்தது. சட்டென்று அந்தத் துணுக்கு மறைந்தது! உருண்டு விழுந்ததோ என்று பார்த்தேன். இல்லை. மயிரிழைபோல் ஒரு பளபளப்பான கோடு சந்துக்குள் ஓடி நின்றது. அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

"பொடி பள்ளத்தை ரொப்பாதுங்க தம்பி. நெருக்கம் எங்கே இருக்கோ அங்கேதான் ஓடும். முனை ரெண்டும் தள்ளி நின்னா எத்தனை பொடி வச்சாலும் ஒரு பக்கமா உருண்டு உட்கார்ந்துக்கும்" என்றார்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே நியாயந்தான். இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு பலமாக உருகிய உலோகம் இழுபட்டு உள்ளே போகும்.

நம்முடைய பேச்சில் 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அது இந்தப் பட்டறையிலிருந்து வந்த வழக்கு என்று பெரியவர் சொன்னார். வைத்தது தெரியாமல் வைத்து, ஊதின பிறகு ஒட்டிக்கொள்ளும்படி செய்வதல்லவா அது?

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. நம் யாப்பிலக்கணத்தில் 'ஆசிடை நேரிசை வெண்பா' என்று ஒன்று உண்டு. முன்னிரண்டடியும் தனிச்சொல்லும் ஓசை கெடாமல் ஒட்டாதபோது, நடுவிலே ஓர் அசையோ ஈரசையோ கூட்டிப் பாடுவார்கள். அந்த அசைக்கு 'ஆசு' என்று பெயர். உலோகத்தோடு உலோகத்தை ஒட்டவைக்கும் பற்றாசைப் போன்றது என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் அதை நெட்டுருப் போட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தச் சந்தின் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. உரை எழுதியவர்கள் ஏடும் எழுத்தாணியுமாக மாத்திரம் இருந்தவர்கள் அல்லர். தட்டார் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்.

கூலி வாங்கிக்கொண்டு பெரியவர் சொன்னார்: "இப்ப இதை விக்கறதும் விக்காததும் உங்க இஷ்டம். ஆனா மோட்டார் ரிப்பேர்க்காரர் என்ன சொல்றாருன்னு கேட்டுட்டு வாங்க."

மோட்டாரின் கூண்டு

மூன்று மணிக்குக் கணபதிக்குத் திரும்பினோம். முதலாளி மோட்டாரைப் பிரித்து, உள்ளே சுழலும் பாகத்தை மேஜைமேல் வைத்திருந்தார். ரோட்டார் என்று அதற்குப் பெயர். இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த நீண்ட உருளை. அதன் நெடுகே உள்ள துளைகளில் செம்புக் கம்பிகள் ஓடுகின்றன. இரண்டு முனையிலும் ஒவ்வொரு செம்பு வளையம் எல்லாக் கம்பிகளையும் ஒன்றாகப் பிணைக்கிறது. இரும்பை நீக்கிவிட்டுப் பார்த்தால் அணில் கூண்டுபோல இருக்கும்.

முதலாளி ஒரு வளையத்தின் ஓரத்தைக் காட்டினார். "கம்பி சுத்தினதுல தப்பில்லீங்க. வியாதி வேற எடத்துல. இந்தப் பக்கம் பார்த்தீங்களா? மூணு கம்பி வளையத்தை விட்டுப் போச்சு. மேலாக்கப் பத்து இருக்குது. உள்ளே இறங்கவே இல்லை."

விட்டுப்போன கம்பியில் மின்சாரம் ஓடாது. அதன் பங்கையும் பக்கத்துக் கம்பிகள் சுமக்க வேண்டும். சுமை கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் அவையும் விடும். சக்தி ஏறியும் இறங்கியும் வருவதால்தான் உறுமலும், முள் ஊஞ்சலாடியதும். ஒரு கடுகளவு பற்று இறங்காததால் இரண்டு ஏக்கர் வாழை வாடிக்கொண்டிருந்தது!

"புதுசு வேண்டாங்க. நாளைக்குக் காலையில வளையத்தைக் கழட்டி மறுபடி பிரேசிங் பண்ணிடலாம்" என்றார். மாமா மடியில் இருந்த சங்கிலியை வெளியிலிருந்தே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலை பொழுது போகப் பேரூர் போனோம். நொய்யல் நதிக்கரையில் பட்டீசுவரர் கோயில். அங்கே கனகசபையின் விதானத்திலிருந்து கற்சங்கிலி தொங்குகிறது. வளையத்துக்குள் வளையமாகக் கோத்திருக்கும். ஆனால் ஒட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஒரே கல்லில் செதுக்கியது. மாமா அண்ணாந்து வெகு நேரம் பார்த்தார். "இதுக்குப் பத்துப் போட வேண்டியதே இல்லை, ஆனால் ஒண்ணு விட்டால் அத்தோடு போச்சு. அறுந்ததை ஒட்டவைக்க உலோகத்தால்தான் முடியும்" என்றார்.

வளையம் வைத்த வித்தை

மறுநாள் காலையில் பட்டறையில் நான் கண்டதைக் கேளுங்கள்.

ஒரு மேஜையருகில் இளம் பெண் ஒருத்தி உட்கார்ந்து, மெல்லிய கம்பி ஒன்றை இரும்புத் தண்டின்மேல் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்ததும் சுருளை நெடுகே வெட்டினாள். சலசலவென்று ஒரே அளவான வளையங்கள் உதிர்ந்தன. பத்தர்கள் சங்கிலிக்குக் கண்ணி செய்வதும் இப்படியேதான்! இன்னொரு தட்டில் மெல்லிய தகட்டில் வெட்டிய சிறு பட்டைகள் இருந்தன.

"இதெல்லாம் எதற்கம்மா?" என்று கேட்டேன்.

"பத்து வைக்கிற உலோகமுங்க. வேணுங்கற உருவத்துல முன்னாடியே செஞ்சு வச்சுக்குவோம். ஒவ்வொரு சந்துக்கும் ஒரே நிறைங்க" என்றாள்.

நூற்றுக்கு 80 பங்கு செம்பு, 15 பங்கு வெள்ளி, 5 பங்கு பாஸ்பரஸ் கலந்த கலவை அது. செம்பு 1085 டிகிரியில்தான் உருகும். இதுவோ ஏறக்குறைய 645 டிகிரியில் இளகத் தொடங்கி, 700-க்குச் சற்று மேலே தண்ணீராய் ஓடுகிறது. செம்போடு செம்பைச் சேர்க்கும்போது வெங்காரமும் வேண்டியதில்லை. பாஸ்பரஸே அழுக்கை நீக்கும் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் இரும்பைச் சேர்க்க இதை உபயோகித்தால் ஒட்டு கண்ணாடிபோல் நொறுங்கிவிடும் என்று முதலாளி எச்சரித்தார்.

"முன்னே எல்லாரும் கம்பியைக் கையில பிடிச்சு, சூடு பண்ணிக்கிட்டே மேலேருந்து ஊட்டுவாங்க. கை நல்ல கையா இருந்தா சரி. இல்லேன்னா கண்ணுக்குத் தெரியற எடத்துல மெத்துனு உட்காரும். உள்ளே காலியா இருக்கும். உங்க மோட்டார்ல நடந்தது அதுதானுங்க. அளவா செஞ்ச வளையத்தை முன்னாடியே உள்ளே வச்சிட்டா, அது உள்ளேருந்து வெளியே வந்து தலை காட்டணும். வெளியே கோடு தெரிஞ்சா உள்ளே ரொம்பிடுச்சுன்னு அர்த்தம். எங்க கண்ணுக்கு அதுதான் சாட்சி" என்றார் முதலாளி.

மேலிருந்து ஊட்டினால் வெளி அழகு உள் குறையை மறைக்கும். உள்ளிருந்து வந்தாலோ வெளியே தெரிவதே உள்ளுக்குச் சாட்சி. இது ரோட்டாருக்கு மாத்திரம் பொருந்தும் நியாயமா என்று நான் யோசித்தேன்.

குளிர்சாதனப் பெட்டிகளின் செம்புக் குழாய்களிலும் இப்படியே வளையம் மாட்டிப் பற்றவைப்பதுண்டு. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி ஒட்டுக்கள் வேண்டிய இடத்தில், அளவு கையிலும் கண்ணிலும் இல்லாமல் முன்கூட்டியே உலோகத்தில் வெட்டி வைக்கப்பட்டிருப்பது பெரிய லாபம். வெள்ளி வீணாவதில்லை, புதிதாகப் பழகும் கையும் நல்ல ஒட்டுப் போடலாம். ஆனால் வளையம் மந்திரம் அல்ல. முனைகள் சுத்தமாக இருக்க வேண்டும். கம்பிக்கும் குழிக்கும் இடையே தலைமயிர்ப் பருமன் இடைவெளிதான் இருக்கலாம். சூடு எங்கும் ஒரே சீராக ஏற வேண்டும்.

பழைய பற்றையெல்லாம் நீக்கிச் சுத்தம் செய்தார்கள். பட்டைகளைக் குழிகளில் செருகி, அளவான வளையத்தை வைத்து, அதன்மேல் செம்பு வளையத்தைப் பொருத்தினார்கள். ரோட்டார் மெதுவாகச் சுழல, இரண்டு பக்கமிருந்தும் சுவாலை காட்டினார்கள். எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். செம்பு கறுத்தது, பிறகு மங்கலாகச் சிவந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் ஒரு வெள்ளிக் கோடு எழுந்தது. நட்சத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூப்பதுபோல் வட்டம் முழுவதும் சுற்றி வந்து முடிந்தது.

முதலாளி கம்பிகளை எண்ணினார். ஒரு கோடும் குறையவில்லை. சுவாலையை விலக்கச் சொன்னார். அந்தப் பெண் மூச்சை விட்டாள். அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

முந்தின நாள் ராஜ வீதிச் சந்தில் பெரியவரின் பொடி மறைந்த கணம் என் மனக்கண்முன் வந்தது. அங்கே ஊதுகுழல், இங்கே வாயு விளக்கு. அங்கே தங்கம், இங்கே செம்பு. ஆனால் சுத்தம், நெருக்கம், அளவு, சீரான சூடு என்ற நான்கு விதிகளும் ஒன்றே. இதை அந்த முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எங்க அப்பாவுக்கு மொதமொதல்ல வெள்ளிப் பத்து வைக்கச் சொல்லிக் கொடுத்ததே ஒரு பத்தர்தானுங்க" என்றார்.

ஊரின் இரண்டு மூலைகளுக்கும் இடையே இருந்த பற்று எனக்கு அப்போது தெரிந்தது. மேல்நாட்டு யந்திரத்தைப் பார்த்து நாம் அதிசயித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த யந்திரத்தின் உயிர்நிலையான வேலையைச் செய்யும் கை நம் சந்துகளிலேயே இருந்திருக்கிறது. அந்தக் கையைப் பட்டினி போட்ட காலமும் உண்டு. அதற்கு விஷப் புகையைக் கொடுத்த காலமும் உண்டு. இவ்வளவுக்கும் பிறகும் அது வேலையை மறக்கவில்லை.

மோட்டாரைப் பூட்டி, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓட்டிக் காட்டினார்கள். ஒரே சீரான இரைச்சல். மீட்டர் முள் அசையாமல் நின்றது. மாமா கேட்டதற்கு மேலாகவே கூலி கொடுக்கப் போனார். முதலாளி எண்ணி, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சென்னையில் டெலிபோன் மணி அடித்தது. தமக்கைதான். பேசுவதற்கு முன்னால் பின்னணியில் ஒரு சத்தம் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் விழும் சத்தம்.

"வாழை ஒரு பக்கம் போய்விட்டது. மிச்சம் பிழைத்துக்கொள்ளும்" என்றாள். சற்றுப் பொறுத்து, "சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். எந்தக் கண்ணி அறுந்திருந்தது என்றே தெரியவில்லையே, தம்பி!" என்றாள்.

"தெரியக்கூடாது, அக்கா. அதுதான் பொடி வைத்த அழகு" என்றேன்.

"என்னடா, நீயும் பொடி வைத்துப் பேசுகிறாய்?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாளாயிருந்தது.